ஊதுங்கள், பார்க்கலாம்!

மூச்சுக் காற்றில் புற்றுநோயைத் தேடுகிறார்கள் விஞ்ஞானிகள்

குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவரைப் போலீசார் நிறுத்துகிறார்கள். "ஊது" என்கிறார்கள். அவர் ஊதுகிறார். குடித்தாரா, எவ்வளவு குடித்தார் என்று கருவி காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இந்தக் கருவியைச் செய்தவர் ஒரு போலீஸ் அதிகாரி. பெயர் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துக்காரர். செய்த ஆண்டு 1954.

குடித்தது வயிற்றுக்குத்தானே போனது? மூச்சில் எப்படி வந்தது?

ரத்தத்தின் வழியாக வந்தது. வயிற்றில் இருந்து ரத்தத்தில் கலந்தது. ரத்தம் நுரையீரலுக்குப் போனது. அங்கே ஆவியாகி மூச்சோடு வெளியே வந்துவிட்டது.

சாராயம் இப்படி வெளியே வரும் என்றால், நோயும் வராதா?

இந்தக் கேள்வியைத்தான் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகள் கேட்டு வருகிறார்கள். அதிலும் முக்கியமாக அவர்கள் தேடுவது நுரையீரல் புற்றுநோயை. ஏன் அந்த நோய்?

வலிக்காத நோய்

உலகத்தில் மனிதரை அதிகமாகக் கொல்லும் புற்றுநோய் அதுதான். 2022-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 25 லட்சம் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாக வந்தது. சுமார் 18 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள்.

இந்த நோயிடம் ஒரு வஞ்சகம் உண்டு. நுரையீரலின் உள்சதைக்கு வலி தெரியாது. வலியை உணரும் நரம்பு அங்கே இல்லை. ஒரு மூலையில் கட்டி முளைக்கும். கடலை அளவு வளரும். எலுமிச்சம்பழம் அளவும் வளரும். மனிதர் வேலைக்குப் போய்க்கொண்டு இருப்பார். சாப்பிடுவார். தூங்குவார். இருமல், ரத்தம், மூச்சுத் திணறல், எலும்பில் குத்தல் என்று ஆரம்பிக்கும்போது, பலருக்கு நோய் வேறு இடத்துக்குப் பரவி முடிந்திருக்கும்.

அமெரிக்கக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். நோய் நுரையீரலோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால், 100 பேரில் 60 பேருக்கு மேல் 5 ஆண்டு தாண்டி வாழ்கிறார்கள். தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு கண்டுபிடித்தால், 10 பேர் கூட மிஞ்சுவதில்லை.

நோய் ஒன்றுதான். கண்டுபிடித்த நாள்தான் வேறு.

"எக்ஸ்ரே எடுத்தால் போகிறது" என்பீர்கள். எடுத்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஒன்றரை லட்சம் பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆண்டுதோறும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது. எக்ஸ்ரே எடுத்த பிரிவிலும், எடுக்காத பிரிவிலும் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. சின்னக் கட்டி எக்ஸ்ரேயில் தப்பிவிடுகிறது.

'சி.டி. ஸ்கேன்' அப்படி அல்ல. அது தப்ப விடாது. நிறையப் புகை பிடித்தவர்கள் 53 ஆயிரம் பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையின் முடிவும் 2011-லேயே வந்தது. எக்ஸ்ரே எடுத்தவர்களைக் காட்டிலும், குறைந்த கதிர் ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 100-க்கு 20 வீதம் குறைந்தது.

பெரிய வெற்றிதான். ஆனால் அதிலும் ஒரு தொல்லை. ஸ்கேன் பழைய தழும்பையும் காட்டுகிறது. எப்போதோ வந்து ஆறிய சளியின் அடையாளத்தையும் காட்டுகிறது. அந்தச் சோதனையில் "சந்தேகம்" என்று வந்த ஒவ்வொரு 100 முடிவிலும் 96 முடிவு புற்றுநோயே அல்ல! சந்தேகம் வந்துவிட்டால் சும்மா விட முடியுமா? திரும்பவும் ஸ்கேன். சிலருக்கு நெஞ்சில் ஊசி. சிலருக்கு அறுவை. அதுவரையில் வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் இல்லை.

ஆகவேதான், ஊசி இல்லாமல், கதிர் இல்லாமல், ஒரு குழாயில் ஊதிப் பார்த்தே சொல்ல முடியுமா என்று தேடுகிறார்கள்.

வெங்காயச் சருகிலும் மெல்லிய சுவர்

நம் நுரையீரலுக்குள் சின்னஞ்சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. ஒன்று இரண்டு அல்ல. 30 கோடிக்கு மேல்! ஒவ்வொரு பையையும் மயிரிழையை விட மெல்லிய ரத்தக் குழாய்கள் வலை போலச் சுற்றி இருக்கின்றன. ரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவே ஒரு சுவர். வெங்காயச் சருகு அதன் முன்னால் தடிப்பலகை.

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒரு தடவை, உடம்பில் உள்ள ரத்தம் முழுவதும் இந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஆவியாகக் கூடிய எது ரத்தத்தில் இருந்தாலும், அதில் கொஞ்சம் சுவரைத் தாண்டி மூச்சில் கலந்துவிடும்.

அந்தக் காலத்து வைத்தியர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். சர்க்கரை நோய் முற்றி மயங்கிக் கிடப்பவர் மூச்சில் பழ வாடை வீசும். ஈரல் கெட்டவர் மூச்சில் வேறு விதமான ஒரு பூஞ்சை வாடை. வைத்தியர் குனிந்து மோந்து பார்த்தே நோயைச் சொன்ன நாட்கள் உண்டு. பழ வாடைக்குக் காரணமான பொருளின் பெயர் அசிட்டோன். பெண்கள் நகப்பூச்சை அழிக்கும் திரவத்தில் இருக்கிறதே, அதே பொருள்தான்.

சரி, மூச்சில் மொத்தம் எத்தனை பொருள் இருக்கிறது?

1971-ல் ஒருவர் எண்ணிப் பார்த்தார். அவர் சாமானியர் அல்ல. லைனஸ் பாலிங்! நோபல் பரிசை இரண்டு தடவை தனியாகவே வென்ற மனிதர். 1954-ல் ரசாயனத்துக்கு ஒன்று. 1962-ம் ஆண்டின் அமைதிப் பரிசு ஒன்று.

பாலிங்கும் அவருடைய கூட்டாளிகளும், ஊதிய மூச்சைக் கடுங்குளிரூட்டிய குழாய்க்குள் விட்டார்கள். மூச்சில் இருந்த ஆவிகள் குழாய்ச் சுவரில் உறைந்து ஒட்டிக்கொண்டன. பிறகு குழாயைச் சூடாக்கி, ஆவிகளை ஒரு பிரிக்கும் கருவிக்குள் ஓட விட்டார்கள். அந்தக் கருவி ஒரு நீளமான, மெல்லிய குழாய். ஓட்டப் பந்தயம் மாதிரிதான் நடக்கும். எல்லா ஆவியும் ஒரே நேரத்தில் புறப்படும். சில ஆவிகள் வேகமாக ஓடும். சில, குழாய்ச் சுவரோடு ஒட்டி ஒட்டிப் பின்தங்கும். எது எப்போது வெளியே வருகிறது என்று பார்த்து எண்ணலாம்.

எண்ணினார்கள். மூச்சில் சுமார் 250 பொருள்!

நாம் அது வரையில் உயிர்வாயு, கரிவாயு, நீராவி என்று மூன்று நான்கோடு நிறுத்திக்கொண்டோம். இப்போது அந்த எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போய்விட்டது.

நாய் கண்ட மச்சம்

கதை இந்த இடத்தில் லண்டனுக்குப் போகிறது.

1989-ம் ஆண்டு. 'லான்செட்' என்ற பெயர் பெற்ற மருத்துவ ஏட்டில் இரண்டு டாக்டர்கள் ஒரு சின்னக் கடிதம் எழுதினார்கள். அவர்களிடம் ஒரு பெண்மணி வந்தார். காலில் ஒரு மச்சத்தைக் காட்டினார். "என்ன தொந்தரவு?" என்று கேட்டார்கள். மச்சத்தால் ஒரு தொந்தரவும் இல்லை. நாயால்தான் தொந்தரவு!

அவர் வளர்க்கும் நாய் எப்போதும் அந்த ஒரு மச்சத்தையே மோந்துகொண்டு இருந்தது. உடம்பில் இருந்த மற்ற மச்சங்களை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. கால்சட்டை போட்டு மூடினாலும், துணிக்கு மேலேயே மோந்தது. ஒரு நாள் அவர் அரைக்கால்சட்டை போட்டிருந்தபோது அந்த மச்சத்தைக் கடித்தே எடுக்கப் பார்த்தது.

டாக்டர்கள் வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். அது தோல் புற்றுநோய். பரவும் ரகம். நல்ல வேளையாகப் பரவுவதற்கு முன் எடுத்துவிட்டார்கள்.

புற்றுநோய்க்கு ஒரு வாடை இருக்கலாம். நாய்க்கு அது தெரியலாம் என்று அந்த டாக்டர்கள் எழுதினார்கள். அன்று சிலர் சிரித்திருப்பார்கள். ஆனாலும் கடிதம் பலரைத் தூங்க விடவில்லை.

2006-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஐந்து நாய்களைப் பழக்கினார்கள். வீட்டில் வளர்க்கும் சாதாரண நாய்கள்தான். போலீஸ் நாய்கள் அல்ல. நோயாளிகளும் நல்ல உடம்புக்காரர்களும் பஞ்சு மாதிரி அடைத்த குழாய்களில் ஊதிக் கொடுத்தார்கள். குழாய்களை வரிசையாக வைத்தார்கள். புற்றுநோய் மூச்சு எதுவோ, அதன் முன் நாய் உட்கார வேண்டும் அல்லது படுக்க வேண்டும். உட்கார்ந்தால் தின்பண்டம் கிடைக்கும்.

நுரையீரல் புற்றுநோயாளிகள் 55 பேர். நோய் இல்லாதவர்கள் 83 பேர். நாய்கள் 100-க்கு 99 வீதம் சரியாகச் சொன்னதாக முடிவு வந்தது!

ஆகா என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

2011-ல் ஜெர்மனியில் இதையே செய்தார்கள். நாய்கள் 100 புற்றுநோய் மூச்சில் 71-ஐப் பிடித்தன. நோய் இல்லாத மூச்சை 100-க்கு 93 வீதம் சரியாக ஒதுக்கின. கெட்டிக்கார நாய்கள்தான். ஆனால் 99 அல்ல.

பிறகு ஆஸ்திரியாவில் சோதனையை இன்னும் கடுமையாக்கினார்கள். எந்தக் குழாயில் நோய் என்பது நாய்க்கும் தெரியாது. நாயைப் பிடித்திருப்பவருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் உண்மையில் நடப்பது அதுதானே? 2016-ல் முடிவு வந்தது. நோயாளிகளில் 100-க்கு 79 பேர் வரை பிடிபட்டார்கள். ஆனால் நோய் இல்லாதவர்களை "நோய் இல்லை" என்று நாய்கள் சரியாகச் சொன்னது 100-க்கு 34 தடவைதான். மீதிப் பேர் முன்னாலும் உட்கார்ந்துவிட்டன!

ஏன் இப்படி? நாய் மனிதர் முகத்தைப் படிக்கும் பிராணி. பக்கத்தில் நிற்பவருக்கு விடை தெரிந்தால், அவர் மூச்சை இழுப்பதையும் கயிறு தளர்வதையும் கண்டே அது விடையைத் தெரிந்துகொள்ளும். 1907-ல் பெர்லின் நகரில் ஒரு குதிரைக்கு இப்படித்தான் குட்டு வெளிப்பட்டது. கணக்குப் போடும் குதிரை என்று ஊரே கொண்டாடியது. கேள்வி கேட்டவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியாமல் போயிற்று.

நாய்க்கு வாடை தெரியவில்லை என்று இதற்குப் பொருள் அல்ல. ஆனால் நாயை நம்பி ஒருவர் நெஞ்சைத் திறக்க முடியாது. நாய்க்கும் பசி வரும், சலிப்பு வரும்.

இரும்பு மூக்கு

ஆகவே விஞ்ஞானிகள் கருவியையே மூக்காக்கப் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் மைக்கேல் பிலிப்ஸ் என்ற டாக்டரும் அவர் கூட்டத்தாரும் 1999-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்த 108 பேரை ஊதச் சொன்னார்கள். அவர்களில் 60 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் உறுதியானது. மூச்சில் இருந்த 22 பொருள்களைச் சேர்த்துப் பார்த்தால், நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் பெரும்பாலும் பிரிக்க முடிகிறது என்று சொன்னார்கள்.

22 பொருளும் ஏன் வந்தன? உயிரணுவின் வெளித்தோலில் கொழுப்பு இருக்கிறது. எண்ணெய் நாள்பட்டுக் காறல் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நோயில் உயிரணு தவிக்கும்போது இந்தக் கொழுப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான் காறிப் போகிறது. உடைந்த துண்டுகள் ஆவியாகி மூச்சில் ஏறுகின்றன.

2005-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து டாக்டர்கள் மின்சார மூக்கு ஒன்றைச் சோதித்தார்கள். இஸ்ரேலில், ஹைபா நகரத்தில், ஹொசாம் ஹைக் என்ற பேராசிரியர் தங்கத்தையே எடுத்துக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களால் ஒரு மூக்கைச் செய்தார். ஆவி வந்து ஒட்டினால், தங்கத்தின் வழியே ஓடும் மின்சாரம் மாறும். 40 நோயாளிகள், 56 நல்ல உடம்புக்காரர்கள் மூச்சில் அதைச் சோதித்து 2009-ல் வெளியிட்டார். இரண்டு கூட்டத்தையும் அது பிரித்துக் காட்டியது.

தேனீயையும் விடவில்லை! 2024-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், தேனீயின் மூளையில் மின்கம்பியைப் பொருத்தி, புற்றுநோய் மூச்சு மாதிரி கலந்து செய்த காற்றை அதற்குக் காட்டினார்கள். தேனீ வித்தியாசம் கண்டது.

இத்தனை பேர் வெற்றி கண்ட பிறகும் நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஊதும் கருவி ஏன் வரவில்லை?

நான்கு லாரித் தண்ணீரில் ஒரு சொட்டு

முதல் காரணம், அளவு. தேடுகிற பொருள் பலவும் 100 கோடியில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில்தான் மூச்சில் இருக்கின்றன. 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி நான்கு நிற்கிறது என்று வையுங்கள். நான்கு லாரித் தண்ணீரிலும் சேர்த்து ஒரே ஒரு சொட்டு மை. அதைத் தேட வேண்டும்.

இரண்டாவது காரணம் இதை விடப் பெரிது. மூச்சில் வருவது எல்லாம் உடம்பில் பிறந்தது அல்ல. ஆரஞ்சுப் பழம் தின்றால் அதன் வாசனைப் பொருள் மூச்சில் வரும். பெட்ரோல் பங்கில் நின்றவர் மூச்சில் பென்சீன் வரும். பீடி, சிகரெட் பிடித்தவர் மூச்சிலும் அது வரும். பட்டினி கிடந்தால் அசிட்டோன் ஏறும். ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்த மருந்து கூட மூச்சில் வரும்! நோயாளிகளை ஆஸ்பத்திரியிலும், மற்றவர்களை வேறு கட்டடத்திலும் ஊத வைத்தால், கருவி பிரித்துக் காட்டுவது நோயையா, கட்டடத்தையா? சில பழைய சோதனைகளைப் பற்றி இந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

ஊதுவதிலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழாயைத் திறந்ததும் முதலில் வருவது குழாயிலேயே தங்கிக் கிடந்த தண்ணீர். மூச்சும் அப்படித்தான். ஒரு மூச்சு சுமார் அரை லிட்டர். அதில் முதல் 150 மில்லி லிட்டர் வாய், தொண்டை, மூச்சுக் குழாயில் கிடந்த காற்று. அது காற்றுப் பைகளை எட்டிப் பார்த்ததே இல்லை. கடைசியில் வரும் மூச்சுதான் நமக்கு வேண்டும். ஒரு நாட்டில் முதல் மூச்சைப் பிடித்தார்கள். இன்னொரு நாட்டில் முழு மூச்சையும் பையில் பிடித்தார்கள். அதனால் ஒருவர் கண்ட 22 பொருளை அடுத்தவர் காணவில்லை. அவர் வேறு பட்டியல் தந்தார். எல்லோரும் ஒரே முறையில் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று ஐரோப்பிய மூச்சு மருத்துவச் சங்கம் 2017-ல் விதிமுறை வகுத்தது. அதற்கு முன் நடந்தவை எல்லாம் ஆளுக்கு ஒரு படி, ஆளுக்கு ஒரு மரக்கால்.

ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் பேரை ஊதச் சொல்கிறோம். அவர்களில் 10 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கருவி 100-க்கு 80 சரியாகச் சொல்லும். நல்ல கருவிதானே? 10 நோயாளிகளில் 8 பேரைப் பிடித்துவிடும். ஆனால் நோய் இல்லாத 990 பேரில் 198 பேரையும் "நோய்" என்று சொல்லிவிடும்! ஆக, 206 பேர் அழுதுகொண்டு வீட்டுக்குப் போவார்கள். அவர்களில் 198 பேருக்கு ஒன்றும் இல்லை. விட்டுப் போன 2 நோயாளிகள் சிரித்துக்கொண்டு போவார்கள். இதுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

விளக்கைக் கொடுத்துத் தேடுவது

இப்போது சிலர் தந்திரத்தை மாற்றிவிட்டார்கள். நோய் தானாக வெளியிடும் வாடையைத் தேடுவதை விட்டு, நோயை வாடை வீச வைப்பது எப்படி என்று யோசிக்கிறார்கள்!

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் ஓல்ஸ்டோன் என்ற கம்பெனி இந்த வழியில் போகிறது. கட்டியைச் சுற்றி ஒரு வகை நொதி கசிந்து கிடக்கும். மற்ற இடங்களில் அது உயிரணுவுக்குள்ளேயே அடைந்து கிடப்பதால் வெளியே வேலை செய்யாது. ஒரு மருந்தை உடம்புக்குள் செலுத்துகிறார்கள். கட்டியின் அருகே போனதும் அந்த நொதி மருந்தை வெட்டும். வெட்டினால் ஒரு விசேஷ ஆல்கஹால் பிறக்கும். அதில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான ஹைட்ரஜன் இருப்பதால், நாம் குடிக்கும் எதிலும் அது இருக்காது. அது மூச்சில் வந்தால், எங்கே பிறந்தது என்று ஊகிக்கலாம்.

போர்க்கன்ஸ்டைன் 1954-ல் தேடிய அதே சாராயம்தான், வேறு வேஷத்தில்!

இந்தத் தந்திரம் புதியது அல்ல. வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடிக்க, யூரியா கலந்த நீரைக் குடிக்கச் சொல்லி ஊதிப் பார்க்கும் முறை பல ஆண்டுகளாக ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. நம் நாட்டிலும் உண்டு. ஆஸ்துமாக்காரர்கள் மூச்சை அளக்கும் கருவிக்கு அமெரிக்க அரசு 2003-லேயே அனுமதி தந்தது. கொரோனாவை மூச்சில் காணும் கருவிக்கு 2022-ல் அவசர அனுமதி கொடுத்தது. ஆகவே ஊதி அறிவது நடக்காத காரியம் அல்ல.

நுரையீரல் புற்றுநோய்க்கு மட்டும், ஊதி முடிவு சொல்லும் முறையை உலகின் பெரிய மருத்துவச் சங்கங்கள் இன்னும் ஏற்கவில்லை. ஸ்கேனில் சந்தேகம் வந்தவர்களில் யாருக்கு ஊசி தேவை, யாருக்குத் தேவை இல்லை என்று பிரிப்பதற்காவது முதலில் இது உதவும் என்று டாக்டர்கள் பலர் எதிர்பார்க்கிறார்கள்.

அது வரையில் கையில் இருப்பது ஸ்கேன்தான். அமெரிக்காவில் 2021-ல் வகுத்த விதிப்படி, வயது 50 முதல் 80 வரை இருந்து, நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டு புகைத்த கணக்கு உள்ளவர்கள், இன்னும் புகைத்தாலும், விட்டு 15 ஆண்டு ஆகாமல் இருந்தாலும், ஆண்டுக்கு ஒரு தடவை குறைந்த கதிர் ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல். இங்கே காசநோய் அதிகம். இருமலில் ரத்தம் வந்தால், எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால், எல்லோருக்கும் முதலில் காசநோய் நினைவுதான் வரும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சளியில் கிருமி அகப்படாமலேயே மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை தின்று, பிறகு புற்றுநோய் என்று தெரியவந்தவர்கள் இங்கே நிறைய. இவர்களில் ஒரு நாளும் பீடி தொடாத பெண்களும் உண்டு. சளிச் சோதனையில் கிருமி இல்லை, மருந்து தின்றும் நிழல் கரையவில்லை என்றால், "ஸ்கேன் வேண்டுமா, டாக்டர்?" என்று நோயாளியே வாய் திறந்து கேட்கலாம்.